அக்கம்பக்கத்தினர் மீட்டு

முப்பத்தோரு வருடம் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலை பார்த்தேன். விபத்துச் செய்திகள் பெரும்பாலும் என் மேஜைக்குத்தான் வரும். நிருபர் யாராக இருந்தாலும் ஒரு வரி மட்டும் மாறாது: "படுகாயமடைந்த அவரை அக்கம்பக்கத்தினர் மீட்டு மருத்துவமனையில் சேர்த்தனர்." அந்த வரியில் நான் கை வைத்ததில்லை. யார் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள், எதில் ஏற்றினார்கள் என்று எந்த நிருபரிடமும் கேட்டதில்லை. விளம்பரம் வந்து இடம் சுருங்கிய நாட்களிலும் மற்ற வரிகளைத்தான் வெட்டியிருக்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. கீழே வண்டி நிறுத்துமிடம், அதை ஒட்டி ஒரு சின்ன வீடு, மேலே மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. நாங்கள் மூன்றாம் மாடி. எங்கள் வாசலிலிருந்து தரைக்கு ஐம்பத்து நான்கு படி. இதை நான் எண்ணியது பிற்பாடு.

கீழ்வீட்டில் இருப்பவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். என் மனைவியை அக்கா என்பார், என்னை சார் என்பார். அவள் அவரைத் தம்பி என்பாள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கட்டடத்தில் முதல் போன் அவருக்குத்தான் போகும். இரண்டாம் மாடியில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து நாலு பேராகக் கீழே இறக்கி, தன் வேனில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் யாருக்கு என்ன ஆனாலும் நாற்காலிதான். பிரசவ வலிக்கும் அது வந்திருக்கிறது, கால் சுளுக்குக்கும் வந்திருக்கிறது.

என் மனைவி பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி இருந்தது. ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மழை பிடித்தது. காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். முதலில் வாளி உருளும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டு வராததால்தான் எழுந்து போனேன்.

எங்கள் வாசலுக்கு வெளியே, மாடிப்படியின் அடியில், வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. தலையில் ரத்தம் இல்லை. ஈரத்துணி படி முழுக்கக் கிடந்தது. "ஒண்ணுமில்ல, வழுக்கிடுச்சு" என்றாள். முதுகைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டாம் மாடியிலிருந்து ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டதும், "செருப்பு எங்க?" என்றாள். வலது செருப்பு கழன்று இரண்டு படி தள்ளிக் கிடந்தது. நாலு பேர் வரும்போது ஒற்றைச் செருப்போடு கிடப்பது அவளுக்குக் கூச்சம். அவளுடைய வலது கால் கட்டைவிரல் தரையில் இரண்டு முறை துழாவியது. செருப்பைத் தேடியது. அதை நான் பார்த்தேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். மழை, ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல், இருபது நிமிடம் ஆகலாம் என்றார்கள். அதற்குள் கீழ்வீட்டுக்காரர் நாற்காலியோடு மேலே வந்துவிட்டார். "இருபது நிமிஷம் இன்னாத்துக்கு சார்? வண்டி கீழ கீது. ஏழு நிமிஷத்துல போய்டலாம். தூக்கலாமா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் "தூக்குங்க" என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் அக்குளில் கை கொடுத்தார், இன்னொருவர் முழங்காலுக்கு அடியில். தூக்கும்போது அவள் ஒரு முறை கத்தினாள். பிறகு கத்தவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தோம். தலை முன்னால் சாய்ந்தது. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கை மாற்றிப் பிடிப்பதற்காக இறக்கி வைத்தபோது, "கால் மரத்துப்போச்சு" என்று சாதாரணமாகச் சொன்னாள். தொங்கிக்கொண்டே வந்ததால் இருக்கும் அக்கா, சரியாகிவிடும் என்றார் கீழ்வீட்டுக்காரர்.

மருத்துவமனைக்கு ஒன்பது நிமிடத்தில் போனோம். அவளைச் சக்கரப் படுக்கைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வீட்டு வாசலில் நிற்கிறோம், எந்த மாடி என்று கேட்டார். சொன்னதைவிட எட்டு நிமிடம் முன்னதாக வந்திருந்தார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ஒரு பேனா முனையால் அவள் பாதத்தைக் கீறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். "விழுந்த உடனே கால் அசைஞ்சுதா சார்?"

"கவனிக்கல" என்றேன்.

கவனிப்பதற்காகத்தான் எனக்கு முப்பத்தோரு வருடம் சம்பளம் கொடுத்தார்கள். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் நிருபரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டவன் நான்.

முதுகெலும்பு முறிந்து, உடைந்த துண்டு உள்ளே இருக்கும் தண்டுவடத்தை அழுத்தியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்து நேராக்கினார்கள். கை, நெஞ்சு எல்லாம் சரியாக இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. விழுந்ததில் ஆனதா, தூக்கியதில் ஆனதா என்று பெரிய டாக்டரைத் தனியாகக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். விழுந்தபோது கால் அசைந்திருந்தால், என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவரை மேலே சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இனி உட்காரலாம், தூக்கலாம், பயமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். சக்கர நாற்காலி கீழே நிற்கும். அதுவரை ஐம்பத்து நான்கு படிக்கும் அதே சிவப்பு நாற்காலி. அதே நாற்காலி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படியில் இறங்கும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவருக்குத்தான் பாரம் அதிகம். அந்தப் பக்கம் எப்போதும் அவர்தான். காலைப் பள்ளி நடை முடித்து, வேனைக்கூடக் கழுவாமல் மேலே வருவார். ஒரு நாளும் தவறியதில்லை. பேசிக்கொண்டே இறங்குவார். அக்கா எடை குறைந்திருக்கிறார், சார் சமையல் சரியில்லை என்பார். அடுத்த ஆடிக்குக் குன்றத்தூர் மலையில் அக்காவே படி ஏறுவார், நான் சும்மா பின்னால் வருவேன் என்பார். அவள் சிரிப்பாள். வெளியே போகும் அந்த இரண்டு நாட்களுக்காகத்தான் அவள் தலை பின்னிக்கொண்டாள்.

அப்படி ஒரு வருடம் ஓடியது. ஒரு ஞாயிறு காலை, குடியிருப்போர் சங்கத்தார் எங்கள் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். விமானப்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்தினார். வண்டிகளை வெளியே தள்ளிவிட்டுச் சிவப்பு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். மனைவி மேலேயே இருந்தாள்.

அவர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். தீக்காயத்தில் பற்பசை தடவாதீர்கள், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல் முன்னால் குனிய வையுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், சுற்றியுள்ள பொருளை நகர்த்திவிட்டு, அடங்கியதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

பிறகு உயரத்திலிருந்து விழுந்தவரை எப்படிக் கையாள்வது என்று செய்துகாட்ட, யாராவது ஒருவர் வந்து படுக்க வேண்டும் என்றார். கீழ்வீட்டுக்காரர் சட்டென்று எழுந்துபோய்த் தரையில் மல்லாந்து படுத்தார். ஆளுக்கு ஒரு மாலை வாங்கிவாருங்கள் என்றார். எல்லோரும் சிரித்தோம்.

"மொதல்ல கால் விரலை ஆட்டச் சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர். இவர் பத்து விரலையும் ஆட்டிக்காட்டினார். இன்னும் சிரிப்பு.

"ஆடுதா? ஆடுதுன்னா நமக்கு இன்னும் எல்லாம் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். அதை நாமளே கெடுத்துடக் கூடாது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தலையை ரெண்டு கையால அசையாம பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க. தீ, வண்டி, தண்ணின்னு ஆபத்து இருந்தா மட்டும், நாலு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையா உருட்டிப் பலகையில ஏத்துங்க. அக்குள்ல கை கொடுத்துத் தூக்கி நாற்காலில மட்டும் உட்கார வெச்சுடாதீங்க."

தரையில் படுத்திருந்தவரின் கால் விரல்கள் நின்றன. தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, தலைகீழாக என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வண்டிக்குச் சவாரி வந்துவிட்டதாக அவர் மனைவி வந்து சொன்னார். வெள்ளிக்கிழமையும் அதே. அடுத்த செவ்வாய்க்கு யாரும் வந்து சொல்லவில்லை. வண்டி கீழேதான் நின்றுகொண்டிருந்தது. நான் வேறு ஆட்களைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். அந்த நாட்களில் அவள் தலை பின்னிக்கொள்ளவில்லை.

வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். தீக்காயம், மூக்கில் ரத்தம், வலிப்பு என்று வரிசையாகச் சொன்னேன்.

"முதுகைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

அவள் அறிவியல் ஆசிரியை. மனித எலும்புக்கூட்டை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்தவள். நான் பதில் சொல்வதற்கு முன் போனை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அவள் விழுந்து கிடந்த அதே இடம்.

"மூணு தடவை போச்சு தம்பி. நான் அவ்வளவா வெயிட் போட்டுட்டேன்?" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்கு நான் ஒரு பத்து நிமிஷம் சும்மா குந்திகினு இருந்தா நீ இன்னிக்கு நடந்துகினு இருப்ப அக்கா" என்றார். அதுவரை அவர் அவளை ஒருமையில் பேசியதில்லை.

"யாரு சொன்னா?" என்றாள் அவள், வகுப்பில் தப்பாக விடை சொன்ன மாணவனைக் கேட்பதுபோல. "விழுந்தப்பவே போச்சு தம்பி. நீங்க மேல ஏறி வர்றதுக்கு முன்னாடியே. இடுப்புக்குக் கீழ கால் இருக்குன்னே எனக்குத் தெரியல. யாரு தூக்கியிருந்தாலும், தூக்காம விட்டிருந்தாலும் இதேதான்."

அவர் அவளை நம்ப விரும்பினார், முகத்தில் தெரிந்தது. ஆனால் தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளோ என்ற சந்தேகமும் இருந்தது. என்னிடம் திரும்பினார். "சார், நீ பேப்பர்ல இருந்தவரு. பொய் சொல்லமாட்ட. பக்கத்துலயே இருந்த. அக்கா கால் அசைஞ்சுதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குங்க என்று சொன்னது நான். இந்த ஒரு வருடத்தில் அதை அவரும் சொல்லிக்காட்டவில்லை, அவளும் சொல்லிக்காட்டவில்லை.

"இல்ல" என்றேன். "அசையல."

அவர் தலையை ஆட்டினார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி எடுத்து வருவதாகச் சொல்லிக் கீழே போனார். அது வெள்ளிக்கிழமை. பிசியோதெரபிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவள் சீப்பைக் கேட்டாள். கொடுத்தேன். பின்னி முடித்ததும் செருப்பைக் கேட்டாள். தரையில் கால் படப்போவதில்லை என்றாலும் செருப்பு இல்லாமல் அவள் கீழே இறங்கமாட்டாள். நான் குனிந்து உட்கார்ந்தேன். செருப்பின் வார் நுழைவதற்கு நான்தான் கட்டைவிரலைப் பிரித்துப் பிடிக்க வேண்டும்.

"அன்னிக்கும் செருப்பைத்தான் கேட்டேன், இல்ல?" என்றாள் மெதுவாக.

"ஆமாம்."

"தேடினேன்."

"ஆமாம்."

வலது செருப்பைப் போட்டுவிட்டு இடது காலை எடுத்தேன். படியில் நாற்காலி இடிபடும் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது.

அவர் கீழ்ப்பக்கம் பிடித்தார், நான் மேல்பக்கம். வழக்கமாகப் பேசிக்கொண்டே இறங்குபவர் அன்று, "பார்த்து சார்" என்று மட்டும் ஒவ்வொரு படிக்கும் சொன்னார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். சுவரை உரசியபடி ஏறியதில் அவர் தலையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. அவள் கையை நீட்டி அதைத் தட்டிவிட்டாள். அவர் குனிந்து நின்று அவள் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.

பிறகு கை மாற்றிப் பிடித்தோம். இன்னும் முப்பத்தாறு படி இருந்தது.