சிவப்பில் வந்த ஊர்

மாமாவின் மணிக்கட்டில் இரும்புக் கம்பி விழுந்த சத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். கரும்பை முழங்காலில் வைத்து முறித்தது போன்ற சத்தம். சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தில், பட்டப்பகலில், எடைமேடை ஆட்கள் மூன்று பேர் அவரைக் கீழே தள்ளி அடித்தார்கள். வாயிலிருந்து ரத்தம் வழிந்து மண்ணோடு குழைந்தது. அப்போதும் விடவில்லை, வயிற்றில் உதைத்தார்கள். நான் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவரைக் காட்டிக்கொடுத்ததே நான்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்வராயன் மலை ஊர் ஒன்றிலிருந்து மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றிவருவார். இப்படி ஆறு ஊர்க் கிழங்கு அந்த ஆலைக்கு வரும். கிழங்கில் மாவு எவ்வளவு என்பதைப் பாயிண்ட் கணக்கில் அளப்பார்கள். யாரோ நாள்பட்ட கிழங்கைக் கலக்கிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். ஊர்வாரியாகச் சராசரிப் பாயிண்டை ஒப்பிட்டு ஆளைப் பிடிக்க ஒரு நிரல் எழுதச் சொன்னார். புள்ளியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் கிடந்தவன் நான், சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டிரண்டு ஊராக ஒப்பிடும்படி எழுதினேன். வித்தியாசம் தற்செயலானதாக இருக்காது என்று பட்டால் குறைந்த ஊரின் பெயர் சிவப்பில் வரும். மாமாவின் ஊர் சிவப்பில் வந்தது. "சொந்தக்காரன்னுலாம் பாக்க மாட்டேங்க" என்று முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் மனசு கேட்காமல், எந்த லோடு எந்த ஊர் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கலைத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவையே வேறோர் ஊர் சிவந்தது. இன்னும் கலைத்தேன். இன்னோர் ஊர். ஆறு ஊரை இரண்டிரண்டாகப் பார்த்தால் பதினைந்து ஜோடி. அத்தனை முறை துழாவினால் ஏதாவது ஒன்று சும்மாவே கையில் சிக்கும். முதலில் ஆறையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும், பிறகு ஜோடிகளுக்கான வரம்பை இறுக்கியிருக்க வேண்டும். வகுப்பில் படித்த பாடம்தான். திருத்தி எழுதி, கலைக்காத பழைய கணக்கை ஓட்டினேன். ஓர் ஊரும் சிவக்கவில்லை. முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்போ வேற எந்த ஊருன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

மாமா கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கை அதற்குப் பிறகு நேராகவே இல்லை, லாரியையும் விட்டுவிட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு இடது கையால் அறைந்தார். பழக்கமில்லாத கை, காதோரம் பட்டு வழுக்கியது. மறுபடியும் அறைந்தார். இந்த முறை உதடு கிழிந்தது.

"அடிச்சவனுங்க கூட கேட்டானுங்கடா, கலந்தியான்னு. நீ ஒரு வார்த்த கேட்டியாடா மாப்ள?"

கேட்கவில்லை. முடிவு கையில் இருந்த அன்று காலை அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். எனக்கு இன்னும் ரெண்டு தோசை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் லாரிக்குப் போனார்.