ஜன்னலில் ஒரு நெஞ்சுப் படம்

மலேசியாவில், செமோரிலிருந்து ஈப்போ செல்லும் பேருந்தில், எழுபதுகளின் கடைசியில் அவரைச் சந்தித்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் பெரிய பழுப்பு உறை.

உறைக்குள் இருந்தது அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். அன்று என் முறை. எனக்கு விலா எலும்புகளும் தெரிந்தன, வெளியே கடந்துபோன, ஈயம் தோண்டியெடுத்த குட்டைகளும் தெரிந்தன. முன் இருக்கைச் சீன மூதாட்டி திரும்பிப் பார்த்துத் தைலப் புட்டியை நீட்டினாள். மலாய்க்காரக் கண்டக்டர் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "பாகுஸ்லா!" என்று பாராட்டினார். நன்றாக இருக்கிறதாம். படத்துக்காரருக்கு வந்ததே கோபம்!

"எல்லா டாக்டரும் இதையேதான் சொல்றான் தம்பி. ஒன்னுமே இல்லாததா தினம் நெஞ்சுல ஏறி உக்காருது?"

படத்தை உறைக்குள் திணித்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து அதே பேருந்தில் மறுபடியும் பார்த்தேன். மடியில் உறை இல்லை. டாக்டருக்கென்று ஒரு பப்பாளி இருந்தது.

"வலி போயிருச்சா அண்ணே?"

"எங்க போவும்? இருக்குலா. ஆனா இந்தப் புது டாக்டர், வலி நெசந்தான், வலிச்சாலும் வலிக்காட்டியும் மாசம் ஒருக்கா வந்து பாருங்கன்னுட்டாரு. அதுக்கப்புறம் அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு மரம் வெட்டுறேன்."

"அப்ப அந்தப் படம்?"

"வீட்டுல ஒரு ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சு. வச்சுப் பாத்தேன், அளவு சரியா இருந்துச்சு."

பப்பாளியை அணைத்துக்கொண்டு ஈப்போவில் இறங்கிப் போனார். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குள் காலை வெயில் தினமும் அவர் விலா எலும்புகளுக்கு நடுவே புகுந்துதான் வந்திருக்க வேண்டும்.