கழுவாத சாக்ஸபோன்

"இந்த சாக்ஸபோன்ல ஒரு சொட்டுத் தண்ணி படட்டும். அன்னிக்கு ஹோட்டல்ல சாப்பிடுற ஒவ்வொருத்தனும் கரண்டியைக் கீழ வெச்சிட்டு, 'என்னடா இது அபஸ்வரம்'னு என்னைத் திரும்பிப் பார்ப்பான். இதோட நாதமே உள்ள ஊறிக் கிடக்கிற என் மூச்சுதான்."

இப்படிப் பிரகடனம் செய்தவர், பெரிய ஹோட்டலொன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் மாலையில் வாசிப்பவர். சக வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் ஊதல். வாசித்து முடித்ததும் மற்றவர்கள் குழலுக்குள் துணியை விட்டு எச்சில் ஈரத்தைத் துடைப்பார்கள். ஊதல் அந்தப் பாவத்தைச் செய்ததில்லை. ஈரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். நாதம் அங்கே பக்குவமாகிறதாம்.

பக்குவமானது இருமல்தான். வாசித்துவிட்டு வீடு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் குளிர் காய்ச்சல். சளியே வராத வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு இளைத்தது. காலையில் தேவலாம், மாலையில் வாசித்தால் பழைய குருடி கதவைத் திறடி. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று.

குற்றவாளியைப் பிடிக்கும் திருப்பணியை ஊதலே ஏற்றுக்கொண்டார். முதலில் சிக்கியவள் மனைவி.

"மிளகாயை வறுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? என் நுரையீரல்லயா தாளிக்கிறே?"

"நான் வறுக்கிறது காலையில. உங்களுக்குக் காய்ச்சல் வர்றது ராத்திரி. மிளகாய் என்ன, நடந்தா வருது?"

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் சிகரெட். அதற்கும் ஒரு சண்டை. கடைசியில் ஹோட்டல் ஏசி.

"அதுக்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு. கழட்டிக் கழுவச் சொல்லுங்க" என்று மேனேஜரிடம் பாய்ந்தார். சுத்தத்தைப் பற்றி ஊதல் ஆற்றிய ஒரே சொற்பொழிவு அதுதான்.

மேனேஜர் அசரவில்லை. "அதே காத்துலதான் சார் எல்லாரும் சாப்பிடுறாங்க. இன்னொரு தடவை பாட்டு நடுவுல இருமினீங்கன்னா ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கிறேன். அது இருமாது."

முதலில் பார்த்த டாக்டர் நிமோனியா என்று மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் ஆஸ்துமா என்றார். இருமல் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் வெள்ளையடிப்பதற்காகச் சாப்பாட்டுக் கூடத்தை மூடினார்கள். ஊதல் வீட்டோடு கிடந்தார். பெட்டி கட்டிலடியில் கிடந்தது. இருமல் போன இடம் தெரியவில்லை.

"பாத்தியா, ஏசிதான்" என்று மார்தட்டினார். வெற்றியைக் கொண்டாடச் சாக்ஸபோனை எடுத்து ஆசைதீர ஊதினார். பொழுது சாய்ந்ததும் போர்வைக்குள் நடுங்கினார்.

"ஏசி நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு போலிருக்கு" என்றாள் மனைவி. மறுநாள் நுரையீரல் டாக்டரிடம் புருஷனை மட்டுமல்ல, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார். ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பனிமூட்டம். குழலுக்குள் துடைத்தெடுத்ததைச் சோதித்தால், பூஞ்சை குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

"அபூர்வமான நுரையீரல் அழற்சி. நீங்க மூச்சை இழுக்கிறப்போ பூஞ்சைத் தூள் உள்ளே போகுது. இது தொத்து நோய் இல்ல. உங்க உடம்பு அந்தத் தூளை எதிரின்னு நினைச்சு சண்டை போட்டு, நுரையீரலையே வீங்க வைக்குது. அதான் காய்ச்சல், இருமல் எல்லாம். இப்படியே விட்டா தழும்பு விழுந்து நுரையீரல் கெட்டியாயிடும். அப்புறம் ஊத மூச்சே இருக்காது."

"ஊர்ல எவனெவனோ ஊதுறான். எனக்கு மட்டும் ஏன்?"

"எல்லா உடம்புக்கும் இவ்வளவு கோபம் வராதுங்க."

"இவரு உடம்புக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவின் உத்தரவு: வாசிக்கக் கூடாது, அழற்சி அடங்க மாத்திரை. ஊதல் டாக்டரைத் திட்டினார், பூஞ்சையைத் திட்டினார். என்றைக்கும் இல்லாத அதிசயமாக ஒருநாள் யாரையும் திட்டாமல் சாக்ஸபோனோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மனைவி கதவில் காதை வைத்தாள். குழாய் ஓடியது; பிரஷ் தேய்த்தது. எச்சிலில் ஊறியிருந்த, துளைகளை மூடும் தோல் திண்டுகளையெல்லாம் ரிப்பேர்க்காரர் மாற்றினார்; பெட்டியின் பஞ்சு மெத்தை குப்பைக்குப் போனது.

டாக்டரம்மா தலையசைத்த பிறகு ஹோட்டலுக்குத் திரும்பினார். இருப்பதிலேயே நீளமான பாட்டை எடுத்தார். கடைசி ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் கரண்டிகளைப் பார்த்தார்.

ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. ஒருவர் தண்ணீர் கேட்டார். மேனேஜர் ஸ்பீக்கர் பக்கம் போகவில்லை.

ஊதல் இருமாமல் முடித்தார். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, குழலுக்குள் விட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.