வாவியைக் கடக்காத நெல்

"உங்கட மிஸ் மோசம் போயிற்றாவாம்" என்று படகுத்துறையில் படகோட்டி சாவுச்செய்தி சொன்னபோது, புவனா அக்காவின் விதைநெல் பொட்டலம் என் பையில் இருந்தது. சோதனைச்சாவடியில் அன்றும் அதைத் திருப்பிவிட்டிருந்தார்கள். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லையாம்.

அக்காவும் நானும் விவசாயத் திணைக்கள அலுவலகத்தின் விதைப் பகுதியில் ஒரே மேசையில் வேலை செய்தோம். அஞ்சலி என்று புகழ்ந்து எழுத எனக்கு வராது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: வாவியோரத்து உவர் வயல்களில் விளைந்த பழைய நெல்லை வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்கு மீண்டும் கொடுப்பது. போர்க்கால இடப்பெயர்வுகளில் அது அங்கே அழிந்துபோயிருந்தது. எப்போதோ இங்கிருந்து சேகரித்துக் கொண்டுபோன அதன் விதை மாதிரி ஒன்று வெளிநாட்டு விதை வங்கியில் இருந்தது. சர்வதேச உடன்படிக்கையின்படி அந்த வங்கி கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதைத் தன் சொத்தாக்கக் கூடாது. பிறருக்குக் கொடுத்தால் அதே நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். அக்கா கேட்டார். ஒரு கைக்குள் அடங்கும் நெல் தபாலில் வந்தது.

அலுவலக வளவில் விதைத்துப் பெருக்கினோம். படுவான்கரையின் பழுகாமத்தில் விதைநெல் கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அக்காவும் அப்படியே, கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது.

"பாதியையாவது இங்க வையுங்க அக்கா. நிபந்தனையை வாசிச்சுக் காட்டி ஒவ்வொருத்தரிட்டயும் கையெழுத்து எடுக்கோணும்."

வரிசையில் நின்ற கந்தப்பர் என்ற விவசாயி சிரித்தார். "நெல்லுக்கும் கைநாட்டா தம்பி? முளைக்காட்டி பொலிசுக்குப் போறதோ?"

"ஒன்ட உடன்படிக்கையில கிடக்கிறதைத்தான் மனே இவங்க செய்யிறாங்க" என்றார் அக்கா. "கேட்டாக் குடு, ஒனக்கெண்டு பூட்டி வைக்காத. வேறென்ன கிடக்கு அதில?"

"ஷெல் விழுந்தா என்ன செய்யிறதெண்டு அதில இல்லையே அக்கா."

அக்கா அடுத்தவரின் பைக்குள் நெல்லை அள்ளிப் போட்டார்.

விதைப்புக்கு முன்பே ஷெல் விழுந்தது. படுவான்கரைச் சனம் ஓடிவந்து தங்கிய முகாமில் ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்து அழுதாள். "கோவிக்காதீங்க மிஸ், நீங்க தந்த விதைநெல்லைப் புள்ளைகளுக்குக் கஞ்சி வைச்சிட்டன்."

"நல்ல காரியம் புள்ள. உப்புக் கிடந்ததா?" என்றார் அக்கா. வெளியே வந்து நெடுநேரம் செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

வங்கிக்கு மறுபடியும் எழுதினார். அவர்கள் மறுக்கவில்லை. இரண்டாவது பொட்டலம் வந்தபோது அலுவலக வளவு முழுக்க அகதிக் கூடாரங்கள். பழுகாமத்துக்குத் திரும்பியிருந்த சில குடும்பங்களின் வயலிலேயே பெருக்கலாம் என்று அக்கா எடுத்துப் போனார். போன ஒவ்வொரு முறையும் சாவடியில் "விதை போக ஏலாது" என்றார்கள். காரணம் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்த நெல்லுக்கு வாவியைத் தாண்ட அனுமதியில்லை.

"உலகம் ஓமெண்டுது மனே, இந்தத் துறைதான் மாட்டனெண்டுது. நாளைக்கு நீ கொண்டுபோய்ப் பார்" என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். அதுதான் கடைசிப் பேச்சு.

அவரை அடக்கம் செய்த வாரமே அந்தக் குடும்பங்களும் மறுபடி இடம்பெயர்ந்தன.

பொட்டலம் அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. மின்சாரம் பாதி நேரம் இல்லை. முளைதிறன் இறங்கிக்கொண்டிருக்கும். சோதித்துப் பார்த்தால் இருக்கிற நெல்லும் குறையும், அதனால் பார்க்கவில்லை. அவருடையதென்று என்னிடம் எஞ்சியது இவ்வளவுதான். அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: யார் வந்து கேட்டாலும் கையெழுத்து வாங்காமலே கொடுத்துவிடுவேன்.

இதுவரை ஒருவரும் வரவில்லை.