மாசி வரை கைபடாத நிலம்

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கடைக்குப் போனாலும் கடைக்காரர் தானாக என் பக்கம் திரும்பும்வரை நின்றுகொண்டிருப்பேன். எழுதுவது அப்படி இல்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கோத்தா திங்கியிலிருந்து ஆற்றோரமாக மேலே போனால் வரும். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. ஆட்குறைப்பில் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. அவர் சிங்கப்பூருக்குப் போய் மண் வெட்டும் வேலையில் சேர்ந்தார். எப்போதாவது வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். என்னைப் பால்வெட்டில் வைத்துக்கொண்டார்கள், கூலியைக் குறைத்துவிட்டார்கள். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது ஓடையோரத்து நிலம்தான். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கறிகாய் போட அப்படி ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்தார்கள். என்னுடையதில் கீரையும் மரவள்ளியும் ஒரு வரிசை மொந்தன் வாழையும் இருந்தன.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவரை எல்லோரும் கோடி வீட்டு அண்ணன் என்று கூப்பிடுவோம். அவரும் எங்களைப்போலப் பால்வெட்டுகிறவர்தான். ஆனால் பேசத் தெரிந்தவர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், கூரைத் தகரம் ஒழுகினாலும், எங்கள் வேலைக்கணக்கு எழுதுகிற கிராணியிடம் அவர்தான் போவார். எனக்கு ஒரு குறை என்றால் நான் அவரிடம் போவேன். “நீ ஒண்ணும் பேசாத தங்கச்சி, பின்னால வந்து நில்லு, போதும்” என்பார். நான் நிற்பேன். காரியம் நடந்துவிடும்.

லயத்துக்கு வேண்டிய சட்டதிட்டங்களைச் செய்யத் தோட்டத்தை நடத்தும் துரை ஐந்து பேர் சபை ஒன்றை வைத்தபோது, நாங்கள் கோடி வீட்டு அண்ணனைத்தான் அனுப்பினோம். மறுமுறையும் அவரைத்தான், அதற்கு அடுத்த முறையும் அவரைத்தான். ஆட்டைக் கட்டித்தான் மேய்க்க வேண்டும், கிணற்றடியில் துணி துவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் பேசி வாங்கிய சட்டங்கள். நிலத்தைப் பற்றியும் ஒன்று உண்டு. ஊருக்குக் கப்பலேறிப் போனவர்களின் நிலம் புல் மண்டிக் கிடந்தது. புதிதாக வந்தவர்களுக்கோ ஒரு பாத்திகூட இல்லை. அதற்காக அவர் சபையில் ஒரு மாலை முழுக்கப் பேசிவிட்டு வந்து, லயத்து முன்னால் நின்று சொன்னார்.

“மழை விட்டு, மாசி பொறக்குற வரைக்கும் கைபடாம கெடக்குற நெலம், கேக்குறவங்களுக்கு! இனிமே இதான் சட்டம்.”

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அதற்கு அடுத்த மழையில் ஆறு பெருகி, தண்ணீர் ஓடை வழியாக ஏறி வந்து நிலங்களை எல்லாம் மூடியது. வடிந்த பிறகு என் துண்டில் முழங்கால் அளவு சேறுதான் மிச்சம். வாழையை வேரோடு கொண்டுபோயிருந்தது. தனியாக அந்தச் சேற்றை அள்ள என்னால் முடியாது. அக்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வழக்கமாக என்னிடம் கீரை வாங்கும் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். அவர் தன் கொல்லையிலிருந்து சில வாழைக்கன்றுகளைத் தோண்டிக் கொடுத்தார். தைப்பூசத்துக்கு முன்னால் அவற்றை ஒரு மூலையில் நட்டு, பக்கத்தில் சின்னதாகக் கால்வாய் இழுத்துவிட்டேன். மீதியை வீட்டுக்காரர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

எழுந்து போய்ப் பார்த்தபோது மாசி பிறந்துவிட்டிருந்தது. என் கன்றுகள் நின்ற மூலை தவிர நிலம் முழுக்கச் சேறு வழித்து, பார் பிடித்து, மரவள்ளிக் குச்சி ஊன்றியிருந்தது. காஹாங் பக்கம் ஒரு தோட்டத்தை மூடிவிட்டதால் பிள்ளைகுட்டிகளோடு எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரு குடும்பம் செய்த வேலை அது. அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் காஹாங் அக்கா என்றார்கள். அவர் கிராணியிடம் கேட்டு, கிராணியும் சரி என்றுவிட்டார்.

அங்கிருந்து நேராகக் கோடி வீட்டுக்குப் போனேன். அண்ணன் பாதி கேட்டதும் கையைத் தூக்கிவிட்டார்.

“விடு தங்கச்சி. அது வெள்ளம் போட்ட நெலம், நீ விட்ட நெலமில்ல. நான் பேசிக்கிறேன்.”

எனக்கு உயிர் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கங்காணி குடும்பத்தோடு ஊருக்குப் போனார். லயத்துச் சண்டை சச்சரவுகளைத் தீர்த்துவைத்தது அதுவரை அவர்தான். இனி தீர்ப்புச் சொல்கிறவரை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் சட்டம் போடுகிற சபையில் இருக்கக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். ஒரு கங்காணியும் கோடி வீட்டு அண்ணனும் நின்றார்கள். பேர் பதிந்த ஆண் பெண் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரப்பர் கொட்டை. பால் கொட்டகைக்குள் மரத்துப்பால் பிடிக்கிற மங்கு இரண்டு. மஞ்சள் துணி கட்டியது கங்காணிக்கு, வெள்ளைத் துணி கட்டியது அண்ணனுக்கு. உள்ளே போகிறவர்கள் கொட்டையைப் போடும் சத்தம் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும். நான் சத்தம் வராமல் வைத்துவிட்டு வந்தேன்.

“போட்டியா இல்லையா?” என்றார் கிராணி.

தலையை ஆட்டினேன்.

“அது போட்டா மங்குக்கே தெரியாது,” என்று யாரோ சொல்ல, வரிசை முழுவதும் சிரித்தது.

அண்ணன் ஜெயித்தார். இனி நிலம் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கோடி வீட்டு வாசலுக்குப் போனால், அண்ணி வழி விடாமல் நின்றார். “வழக்கு இருக்கிறவங்க யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. காப்பிக் கடைக்குக்கூடப் போறதில்ல. அங்க பேச வேண்டியத எல்லாம் வீட்டுல என்கிட்ட பேசித் தீக்குறாரு, என் காதுதான் போச்சு,” என்றார்.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. “பஞ்சாயத்துல வந்து சொல்லு தங்கச்சி.”

“நீங்க பேசறேன்னு சொன்னீங்களேண்ணே.”

“இனிமே நான் பேச முடியாதும்மா. நான் கேக்குற ஆளு.”

“எனக்குப் பேச வராதே.”

 “எனக்குக் கேக்க வரல. நானும் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றார்.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்காகப் பேச இருந்த ஒரே ஆளை, அந்த ஒரு கொட்டையைப் போட்டு நானே அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டேன்.

பஞ்சாயத்து ஞாயிற்றுக்கிழமை பால் கொட்டகை முன்னால் கூடியது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. பக்கத்தில் கிராணி. சுற்றிலும் லயமே திரண்டு நின்றது. எங்கள் வழக்கைத்தான் முதலில் எடுத்தார்கள்.

காஹாங் அக்கா முன்னால் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார். “நாங்க யாரு வயித்துலயும் அடிக்க வரலீங்க. எங்க தோட்டத்த மூடிட்டாங்க, புள்ளைங்கள இழுத்துக்கிட்டு வந்தோம். முட்டி மட்டும் சேறு. அள்ளி அள்ளி என் இடுப்பு விட்டுப் போச்சு. அப்ப ஒரு ஆளு எட்டிப் பாக்கல. சரி, சட்டம் யாரு போட்டது? நீங்க போட்டது! என்ன போட்டீங்கன்னு நீங்களே சொல்லுங்களேன்.”

அண்ணன் வாயைத் திறந்தார். அவர் சொல்ல ஆரம்பித்தால் எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டென்று துண்டின் முனையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

“அலமாக்! அண்ணன் துண்டத் தின்ன ஆரம்பிச்சிட்டாரு!” என்றது ஒரு குரல். அண்ணனும் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு தங்கச்சி.”

நான் தரையைப் பார்த்தேன்.  “கல்லுகூடப் பேசிடும், இது பேசாது,” என்றார்கள் பின்னால். அண்ணன் அவசரப்படவில்லை. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பேசாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

“உங்களுக்குத்தான் தெரியுமேண்ணே!” என்றேன்.

“அது அன்னைக்கு. இங்க நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.” பிறகு மெதுவாகக் கேட்டார். “மழை விட்டதும் நெலத்துக்குப் போனியா?”

“போனேன்.”

“என்ன செஞ்ச?”

“வாழ வெச்சேன்.”

காஹாங் அக்கா கையைத் தட்டினார். “அது வெச்ச வாழையா? வெள்ளம் வடிஞ்சா பழைய கெழங்குல கன்னு தானா மொளைக்கும்லா! பாவம், பச்சையா இருக்கேன்னு நான்தான் புடுங்காம மூலையில விட்டு வெச்சேன். அதப் போயி இவங்க வெச்சதுன்னா?”

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அந்தக் கன்றுகளைத் துணியில் தூளி கட்டி, வழுக்குகிற பலகைப் பாலத்தின் மேல் நான் சுமந்து வந்தது யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் பாதிக்கு மேல் கேட்கவில்லையே.

“என் நெலத்துல இருந்தது மொந்தன்,” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “உங்க எல்லாருக்கும் தெரியும், என்கிட்ட வாங்கிச் சமைச்சிருக்கீங்க. அத வெள்ளம் வேரோட கொண்டு போயிடுச்சு. அக்கரைக் கம்பத்துல ஒரு மலாய்க்கார அம்மா பீசாங் மாஸ் கன்னு குடுத்தாங்க. தைப்பூசத்துக்கு முந்தி அதத்தான் வெச்சேன். தானா மொளைச்சிருந்தா மொந்தன்தானே மொளைச்சிருக்கும்?”

பீசாங் மாஸ் என்பது சின்னதாக, மஞ்சளாக, தித்திப்பாக இருக்கும் பழம். எங்கள் லயத்து நிலம் எதிலும் அந்த வாழை கிடையாது.

 அண்ணன் காஹாங் அக்காவிடம், “மூலையில நிக்கிறது என்ன வாழம்மா?” என்று கேட்டார்.

அந்த அக்கா தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“தண்டு ஒல்லியா, செவப்போடி இருக்கு. மொந்தன் இல்ல. இருக்கிறத இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

அண்ணன் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். “தை மாசமே கைபட்டிருக்கு. நெலம் தங்கச்சிக்கு. மரவள்ளி வெச்சவங்களுக்கு. கெழங்கு புடுங்குற வரைக்கும் அதுல யாரும் கைவைக்கக் கூடாது.”

“அப்புறம் நாங்க எங்க போறது?” என்று கேட்டார் காஹாங் அக்கா. அந்தக் குரலில் சண்டை இல்லை.

அண்ணன் முகம் வாடிவிட்டது. “அதுக்கு வேற சட்டம் போடணும். போடுற எடத்துல இப்ப நான் இல்லம்மா.”

“போடும்போது இதெல்லாம் யோசிக்கலியாண்ணே?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“யோசிக்கல,” என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். வழக்குதான் முடிந்துவிட்டதே. உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பேச ஆரம்பித்தார். “நீ வந்து சொன்ன அன்னைக்கே பேச்ச மனசுல கட்டி வெச்சிட்டேன் தங்கச்சி. வெள்ளத்துக்கு என்ன தெரியும் தைமாசம் மாசிமாசம்னு ஆரம்பிச்சிருப்பேன்...” அவருடைய பழைய குரல் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. வெள்ளத்தைச் சொன்னார், தனியாக நிற்கும் பெண்ணைச் சொன்னார், சிங்கப்பூரில் மண் சுமக்கிறவரைச் சொன்னார். எனக்கே கண் கலங்கியது. “கடைசியில சொல்லியிருப்பேன், அடே, அந்த நெலத்த அவ விட்டாலும் அவ வெச்ச வாழ அவள விடல! சேத்துக்கு அடியில கெடந்த பழைய மொந்தன் கெழங்கு, உசுரப் புடிச்சுக்கிட்டுத் தானா மொளைச்சு வந்து...”

அங்கே நின்றுவிட்டார். காஹாங் அக்கா பஞ்சாயத்தில் சொன்னதும் அதுவேதான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“காப்பித்தண்ணி இருந்தா குடு,” என்றார்.

கொடுத்தேன். 

மரவள்ளி முற்றியதும் காஹாங் அக்கா பிடுங்கிக்கொண்டு போனார். ஒரு கூடைக் கிழங்கை என் வாசலில் இறக்கி, “வாயில்லாப் பூச்சின்னாங்க. அன்னைக்குல்ல தெரிஞ்சது!” என்றார். அந்த வீட்டுப் பிள்ளைகள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். வரவில்லை. சிரித்து வைத்தேன்.

அந்த வருஷம் ஓடைப்பக்கத்துப் பாதியில் மட்டும் வாழையும் கீரையும் போட்டேன். மேட்டுப் பாதியில் மண்வெட்டி படவில்லை. மழை வந்தது, விட்டது, தைப்பூசம் போனது. வீட்டுக்காரர் வந்தவர், “ஏன் பாதி புல்லாக் கெடக்குது?” என்று கேட்டார். கெடக்கட்டும் என்றேன். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் காஹாங் அக்கா அதை உற்றுப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

மாசி பிறந்த பிறகு கூடிய பஞ்சாயத்தில் அவர் எழுந்தார். இந்த முறை இடுப்பில் கை இல்லை.

“மேட்டுப் பாதி சும்மா கெடக்குது. சட்டப்படி நான் கேக்கலாமான்னு தெரியல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் துண்டைத் தேடவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவருக்குக் கேட்கப் பழகிவிட்டிருந்தது.

“கைபட்டுச்சா தங்கச்சி?”

“இல்லண்ணே,” என்றேன்.