ஹெல்மெட்டில் அடை படுத்த கோழி

எங்க வீட்டுக்காரர் பாண்டிதுரை ஸ்ரீவில்லிபுத்தூர்ல போலீஸ் ஏட்டு. ஹெல்மெட் போடலைன்னு என் கூடப்பொறந்த தம்பிக்கே அபராதம் போட்டவர். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறல.

பத்து நாள் லீவுல வீட்ல இருந்தவர், கொல்லையில வைக்கோல் பக்கத்துல ஹெல்மெட்டை மல்லாக்க வச்சுட்டு மறந்துட்டார். எங்க செவலைக்கோழி அதுக்குள்ள முட்டையிட்டு, அடையும் படுத்துருச்சு.

"கோழியைத் தூக்கு கல்பனா, டூட்டிக்குப் போவணும்"னு குதிச்சார்.

"கலைச்சா அம்புட்டும் கூமுட்டையாப் போகும். தொட்டுத்தான் பாருங்களேன்!"

தொட்டார். கோழி கையைக் கொத்திருச்சு. பொறவு வண்டி ரிப்பேர்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு, வத்திராயிருப்புல இருந்து தினமும் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனார். சாயங்காலம் வந்ததும் மொதல்ல கோழியைத்தான் எட்டிப் பாப்பார். குஞ்சு பொரிச்ச அன்னிக்கு ஓடிப்போய் நொய்யரிசி வாங்கிட்டு வந்ததும் அவர்தான்.

கழுவின ஹெல்மெட்டோட டூட்டிக்குப் போன மொத நாளே, எங்க பக்கத்து வீட்டு முத்துப்பாண்டி வெறுந்தலையோட வண்டியில வந்து இவர்கிட்டயே மாட்டிக்கிட்டான்.

"ஹெல்மெட் எங்கலே?"

"அதுல கோழி படுத்துருக்குண்ணே"ன்னு அவன் சிரிச்சிருக்கான்.

இவருக்கு வந்ததே கோவம்! "கோழி படுத்தா பஸ்ஸுல வரணும்லே! மூணு வாரமா நான் வரலையா?"

கூட நின்ன போலீஸ்காரங்களுக்கு, வண்டிக்கு என்ன ரிப்பேர்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.