ஏற்காட்டில் ஒரு கொத்சு

ஏற்காட்டில் காலை டிபன் எங்கே சாப்பிடலாம் என்று எங்கள் தெருவில் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். ஏரிக்கரையில் இருக்கிற கடைகளுக்குப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். மீதியைச் சொல்ல ஆரம்பித்தால் அது டிபனோடு முடியாது.

என்னை மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று என் மகள் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக்கூட வரமாட்டாள். “மணல்ல எவம்மா நடப்பா” என்று படுத்துக்கொள்வாள். மருமகன் மாரடைப்பில் போன பிறகு கடலூர் முதுநகர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அவளைத் தவிர வேறு பிள்ளை இல்லை. அப்படிப்பட்டவள் போனிலேயே லாட்ஜ் எடுத்து, எனக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கி வந்தால் நான் என்ன நினைப்பது?

சேலம் போகிற பஸ்ஸில் நெய்வேலி தாண்டியதும் கேட்டாள்.

“குளிர் ஒனக்கு ஒத்துக்குமாம்மா?”

“ரெண்டு நாளைக்கு ஒத்துக்கும்.”

“இல்ல, ஜாஸ்தி நாள் இருந்தா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்திரிக் காடு போவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மலையில் வயதானவர்களைச் சேர்த்துக்கொள்கிற இல்லங்கள் இருப்பதாக எதிர்வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். காற்று நல்ல காற்று, நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டர் வந்து பார்ப்பார் என்றெல்லாம். என்னை அங்கே விடத்தான் கூட்டிப்போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கேட்கவில்லை. கேட்டு அழுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவளாகச் சொல்லட்டும், அதுவரை கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வோம் என்று இருந்தேன்.

முதல் நாள் காலையில் மார்க்கெட் பக்கம் இறங்கி நடந்தோம். சரிவான தெரு. முனையில் ஓடு போட்ட சின்ன மெஸ். வாசலில் பலகை. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இங்க வேணாம்மா. கூட்டமா இருக்கு.”

உள்ளே நான்கு பெஞ்சு. ஒன்றில் ஒரு டிரைவர் மட்டும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அதுவா கூட்டம்? அவள் பின்னாலேயே நடந்தேன்.

ஏரிக்கரைக் கடைக்குப் போனோம். தோசைக்கு வைத்த சட்னி வெள்ளையாக இருந்தது, தேங்காய் வாசனை இல்லை. பொட்டுக்கடலையை அரைத்துவிட்டு, தேங்காய்ச் சட்னி என்று பேருக்குச் சொல்கிறார்கள். சாம்பாரில் இனிப்பு. பரிமாறுகிறவன் எங்கள் தட்டைப் பார்க்காமல் அடுத்து வருகிற காரைப் பார்த்தான். நாளைக்கு நாம் வரமாட்டோம் என்று தெரிந்தே சமைக்கிற கடை அது. நான் அரைத் தோசையோடு கையைக் கழுவினேன். மகள் முழுத் தோசையையும் சாப்பிட்டாள். ருசி தெரிந்து சாப்பிட்ட முகமாக இல்லை. போனை எடுப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள்.

இரண்டாம் நாள் மறுபடி அதே சரிவு, அதே மெஸ்.

“மூடியிருக்கும்மா” என்றாள்.

ஓட்டுக்கு மேலே புகை போய்க்கொண்டிருந்தது. இட்லி வேகிற ஆவி வாசல் வரைக்கும் வந்தது. மூடின கடையில் யாருக்கு இட்லி வேகிறது?

அன்றைக்கு லாட்ஜிலேயே சாப்பிட்டோம். வரிசையாகப் பாத்திரம் வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில் எனக்குப் பயம். எந்தப் பாத்திரம் நேற்றையது என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். பொங்கலைக் கரண்டியால் தூக்கினால் பாத்திரமும் சேர்ந்து வந்தது. ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டு எழுந்தேன்.

ஒரு தெருவில் ஒரு மெஸ்ஸைக் கண்டு ஒருத்தி இரண்டு நாள் மிரள்கிறாள் என்றால், அந்த மெஸ்ஸுக்கும் என்னை விடப்போகிற இடத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது. மாடியில்தான் அந்த இல்லம் இருக்குமோ என்றுகூட நினைத்தேன். ஓட்டு வீட்டுக்கு ஏது மாடி? பயம் வந்தால் மாடியும் வரும்.

மூன்றாம் நாள் நான் முந்திக்கொண்டேன். சரிவில் இறங்கி நேராக மெஸ்ஸுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“அம்மா, எழுந்திரும்மா.”

“ஏன், கூட்டமா இருக்கா, மூடியிருக்கா? எது இன்னிக்கு?”

அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

உள்ளிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காது வரை மஃப்ளர், இடுப்பில் துண்டு. என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். இட்லி வந்தது. விண்டு பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

“சோடா போட்டியாப்பா? இந்தக் குளிருல மாவு எப்படிப் பொங்குச்சு?”

“சோடா இல்லம்மா. அடுப்பு மேடையிலயே குண்டானை வச்சு கோணிய சுத்திடுவேன். அப்படியும் பொங்கலன்னா அன்னிக்கு இட்லி கெடையாது, ரவை உப்புமாதான்.”

பேச்சு நம் பக்கத்துப் பேச்சாக இருந்தது. சரி, சேலம் தாண்டி இருக்கிற ஊரில் கடலூர்க்காரன் கடை வைக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் இட்லி பக்கத்தில் கொத்சு வந்து விழுந்தது.

கொத்சு சிதம்பரத்துக்காரர்கள் செய்வது. நான் பிறந்த ஊர் சிதம்பரம். கத்தரிக்காயை வேகவைத்துக் கடைந்து, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, புளி விட்டு நல்லெண்ணெயில் கொதிக்கவைப்பது. அதிலும் எங்கள் வீட்டில் ஒரு பிடி பச்சரிசியைச் சிவக்க வறுத்து அந்தப் பொடியோடு சேர்ப்போம். வேறு வீட்டில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. என் மாமியாரே அதற்காக என்னைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்.

ஒரு வாய் வைத்தேன். அரிசி மணம் நாக்கில் நின்றது.

நான் நிமிரவில்லை. இரண்டாவது வாயும் வைத்தேன். போன வருஷம் மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “கொத்சுக்கு எதெது வறுப்பே, வரிசையா சொல்லும்மா” என்று கேட்டது ஞாபகம் வந்தது. சுடுதண்ணீர் வைக்கவே சோம்பல் படுகிறவளுக்கு இது என்ன ஆசை என்று அன்றைக்கு நினைத்தேன். கையில் போன் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“இன்னும் ஒரு கரண்டி விடட்டுமா அத்தை?”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கரண்டி அந்தரத்தில் நின்றது. எந்த ஓட்டல்காரனும் வாடிக்கைக்காரியை அத்தை என்று கூப்பிட மாட்டான். மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“யாருக்கு யாரு அத்தை?” என்றேன்.

அவர் கரண்டியை வாளிக்குள் விட்டார். மகள்தான் பேசினாள். அவர் அவளுடைய கம்பெனி கேன்டீனில் சமையல் பார்த்தவராம். கல்யாணம் ஆகாதவர். அவள் டப்பாவில் கொண்டுபோன கொத்சை ஒரு நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அப்புறம் இந்த மெஸ்ஸைக் குத்தகைக்கு எடுத்து மலைக்கு வந்துவிட்டார். வந்தும் போன் பேச்சு நிற்கவில்லை.

“ஒன்ன இங்கேயே கூட வச்சுக்கலாம்னு பாத்தேம்மா. அதான் குளிரு ஒத்துக்குமான்னு கேட்டேன். ஒங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. ரெண்டு நாளும் வாசல் வரைக்கும் வந்துட்டு…”

“மூணு நாளா கொத்சு வச்சேன்” என்றார் அவர் மெதுவாக. “ரெண்டு நாளு டிரைவருங்கதான் தின்னாங்க.”

இல்லத்தில் விடப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் முடிவு சொல்கிறவரை கை நனைக்க மாட்டோம். ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எனக்குத் தெரியாமலே, என் கொத்சை வைத்தே, என்னைக் கை நனைக்க வைத்துவிட்டார்கள். அவள் தெரிந்து செய்தாளா, அவர் சொல்லிக்கொடுத்தாரா? அதை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இலையை மூடினேன்.

“இது ஓட்டலு. ஓட்டல்ல சாப்பிட்டது கை நனைச்ச கணக்குல வராது” என்றேன்.

“வராதுங்க அத்தை.”

“அத்தைன்னு கூப்பிடற வேலை இப்ப வேணாம். பொண்ணு வேணும்னா மனுஷங்களோட கடலூருக்கு வந்து கேக்கணும். போன்ல கேக்கறது, கரண்டியில கேக்கறது, அதெல்லாம் நம்ம பக்கம் பழக்கமில்ல.”

“எனக்கு மனுஷங்கன்னு அக்கா ஒருத்தங்கதாங்க. விருத்தாசலத்துல இருக்காங்க.”

“அவுங்களக் கூட்டிக்கிட்டு வா.”

திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை. ஆத்தூர் வரை ஒரே யோசனை. அவள் மலைக்குப் போய்விட்டால் முதுநகர் வீட்டில் நான் தனி. கூடப் போகலாம்தான். மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட என் மனசு இடம் கொடுக்காது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவள் இப்படித் தூங்கி நான் பார்த்து வெகு நாளாகிறது. வாயைத் திறந்துகொண்டு, சின்ன வயதில் தூங்குவதுபோல.

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனியில் வந்தார். அக்காவோடு, தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு வந்தார். அந்த அம்மாள் நல்ல மனுஷி, பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் நான் விடவில்லை. முன்னால் ஒருத்தியைக் கட்டினாரா, குடிப்பழக்கம் உண்டா, குத்தகை முடிந்தால் என்ன செய்வார், எல்லாம் கேட்டேன். விருத்தாசலத்துக்குச் சொந்தக்காரியை அனுப்பித் தெருவில் விசாரித்தும் இருந்தேன். அவர் சொன்னதும் தெரு சொன்னதும் ஒத்துப்போனது. ஒத்துப்போனதே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குறைகூடவா இருக்காது?

“மாவு ஆட்டும்போது யாராவது பேசினா கோவம் வரும். அதான் கொறை” என்றாள் அக்கா.

காலை நேரம். இலை போட்டேன். வந்தவர்களைப் பசியோடு அனுப்புகிற வீடு இல்லை எங்கள் வீடு. இட்லி வைத்தேன், வடை வைத்தேன், சாம்பார் விட்டேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்தார், தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். தொடவில்லை.

“சாப்பிடு.”

“நீங்க முடிவு சொல்லிடுங்க. அப்புறம் கை நனைக்கறேன்.”

என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் வழக்கத்தை எனக்கே சொல்கிறார். பேச்சுக்குப் பேச்சு கொடுக்க எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் மகள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இட்லிப் பானை தண்ணீர் வற்றித் தீய்கிற வாசனை வருகிறது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் போய் அடுப்பை அணைத்தேன். அந்தச் சமையலறையில் இனி ஒருத்திக்கு மட்டும் எவ்வளவு மாவு அரைப்பது என்று கணக்குப் பார்த்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“ஆடி போகட்டும்” என்றேன். “ஆவணியில திருவந்திபுரத்துல மண்டபம் கெடைக்குதான்னு பாருங்க. சாப்பிடுங்க மாப்ளே, இட்லி ஆறுது.”

அவர் டம்ளரை எடுத்து முதலில் தண்ணீர் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியதை நான் பார்த்தேன். அதை மட்டும் நம்பினேன்.